கேட்டவுடன் கிடைக்கும் எண்ணும் கணக்கில் நிற்கும் எண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறைக்கு வரவிருக்கும் இளைஞர்களுக்காகத் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இனிமேல் நிறுவனத்தின் தரவுகளைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் பேச்சு மொழியிலேயே கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு குவரி, அதாவது தரவைக் கேட்டுப் பெறும் கட்டளை, எழுதி விடையைத் தந்துவிடும் என்றும், ஆகவே மாதாந்திர ரிப்போர்ட், முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு போன்றவற்றைக் கட்டி எழுப்புவதில் நிரலாளர்கள் காலத்தைச் செலவிடத் தேவையில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகளாக இந்த வேலையையே செய்துவருபவன் என்ற முறையில், அந்தக் கருத்து இளைஞர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும் என்று அஞ்சி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே பேசப்படுவது இரண்டு விதமான வேலை. மேலாளர் வந்து, போன வாரம் எந்த ரூட்டில் ரிட்டர்ன், அதாவது திரும்பி வந்த சரக்கு, அதிகம் என்று கேட்கிறார். நிரலாளர் டேட்டாபேஸுக்குள் நுழைந்து ஐந்து வரியில் ஒரு குவரி எழுதி, வந்த எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, எழுதியதைச் சேமிக்காமலே மூடிவிடுகிறார். இதைத் தனிக் குவரி என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, ரிட்டர்ன் என்றால் என்ன, அது எந்த நாளின் கணக்கில் சேரும், அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வைத்து, ஒரே குவரியைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவிட்டு, எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும்படி அமைக்கும் ரிப்போர்ட். இரண்டும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதற்கான எஸ்க்யூஎல் என்ற ஒரே மொழியில்தான் எழுதப்படுகின்றன. பல வேளைகளில் வரிகள்கூட ஒன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒன்று இருக்கும்போது மற்றொன்று வீண் வேலையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

யார் வேண்டுமானாலும் டேட்டாபேஸிடம் நேரடியாகக் கேட்கலாம் என்ற வாக்குறுதிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்தார். அதை ஒட்டி அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட சீக்வெல் என்ற மொழியே பின்னாளில் எஸ்க்யூஎல் ஆயிற்று. நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன் வரிகள் ஆங்கில வாக்கியத்தைப் போல அமைந்திருப்பதும் அதனால்தான். 1986இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நிறுவனங்களில் எண்களைப் பற்றிய சண்டை ஓயவில்லை என்றால், தடை மொழியில் இல்லை என்றுதான் பொருள். கேள்வியில் வரும் சொற்களுக்கு ஒரே நிறுவனத்துக்குள் ஒரே பொருள் இல்லாததே தடை. மொழிபெயர்ப்பதை இயந்திரம் எடுத்துக்கொண்டாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் இயங்கும் தனியார் பால் நிறுவனத்துக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் முதல் வாரத்தில், அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுத் தலைவர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். மார்ச் மாத விற்பனை என்ற தலைப்பின் கீழ் மூன்று தொகைகள் மூன்று கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. "தம்பி, மூணும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்துதானே வந்துச்சு, நான் எதை ஆடிட்டர்கிட்ட கொடுக்கிறது?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்று எண்களையும் மூன்று நிரலாளர்கள் மூன்று நாட்களில் தனிக் குவரியாக எழுதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். விற்பனை மேலாளருக்குக் கொடுத்தது, வண்டியில் ஏற்றிய சரக்கின் முழு மதிப்பு. கிடங்குப் பொறுப்பாளருக்குக் கொடுத்ததில், ஒழுகிய பாக்கெட்டுகளுக்கான ரிட்டர்ன் கழிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஏஜென்டுகள் பால் டிரேக்குக் கட்டிய டெபாசிட் தொகையும் விற்பனையோடு சேர்ந்திருந்தது. மூன்றாவதில் இரண்டையும் சரியாகக் கழித்திருந்தார்கள், ஆனால் நாள் தவறு. டேட்டாபேஸ் நேரத்தை யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் வண்டி ஏற்றும் தொழிலில், ஐந்தரை மணிக்கு முன் போட்ட ஒவ்வொரு பில்லும் முந்தைய நாளின் பில்லாகிவிடும். தினமும் ஒரு விடியலின் பால் முந்தைய நாளுக்குப் போனாலும், மறுநாள் விடியலின் பால் இந்த நாளுக்கு வந்துவிடுவதால், மாத மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நிதியாண்டு முடிந்தபோதுதான், ஏப்ரல் 1ஆம் தேதி விடியற்காலைப் பால் முழுவதும் மார்ச் 31ஆம் தேதிக்குள் போய் உட்கார்ந்திருப்பது வெளிப்பட்டது.

மூன்று குவரிகளிலும் பிழை காட்டி நிறுத்தும் இலக்கணத் தவறு எதுவும் இல்லை. மூன்றும் ஓடின, மூன்றும் ஓர் எண்ணைத் தந்தன. எழுதிய மூவரும் நல்ல நிரலாளர்கள். விற்பனை என்ற சொல்லுக்கு அந்த நிறுவனம் என்ன பொருள் வைத்திருக்கிறது என்பது எங்கும் எழுதப்படவில்லை என்பதே குறை. செயற்கை நுண்ணறிவிடம் அன்று கேட்டிருந்தால், அது இந்த மூன்றில் ஒன்றையோ நான்காவதாக ஒன்றையோ, அதே நம்பிக்கையோடு கொடுத்திருக்கும். டிரே டெபாசிட் விற்பனை ஆகாது என்பது அந்தக் கணக்குப் பிரிவுத் தலைவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

தனிக் குவரியில் வரும் தவறுகளின் இயல்பே இப்படித்தான். அவை சத்தம் போடுவதில்லை. ஓர் ஏஜென்டின் பில் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியில் 600 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கிறார், மீதி 400 ரூபாயை யுபிஐயில் அனுப்புகிறார். பில் டேபிளில் ஒரு வரிசை, வசூல் டேபிளில் இரண்டு வரிசை. இரண்டு டேபிள்களையும் பில் எண்ணைக் கொண்டு இணைத்தால் இரண்டு வரிசைகள் கிடைக்கும், இரண்டிலும் பில் தொகை ஆயிரம் என்றே இருக்கும். கூட்டினால் இரண்டாயிரம். இதைக் கவனித்துவிட்ட ஒருவர், அவசரத்தில், ஒரே தொகை இரு முறை வந்தால் ஒரு முறை மட்டும் கூட்டு என்று டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் சேர்ப்பார். இந்தப் பில்லுக்குச் சரியாகிவிடும். ஆனால் அதே நாளில் வேறொரு ஏஜென்டுக்கும் ஆயிரம் ரூபாய்க்கே பில் போட்டிருந்தால், அந்த ஆயிரம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். முதல் தவறு எண்ணைப் பெருக்கிக் காட்டியது, திருத்தம் அதைக் குறைத்துக் காட்டுகிறது, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ நம்பத்தக்க ஒரு தொகையாக வந்து நிற்கிறது. அலசிப் பார்ப்பதற்காகத் தரவுகளைத் திரட்டி வைக்கும் டேட்டா வேர்ஹவுஸ் துறையில் பெரிதும் மதிக்கப்படும் ரால்ஃப் கிம்பால், எந்த அட்டவணையை வடிவமைக்கும் முன்பும் அதில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதை முதலில் அறிவித்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியதன் அருமை, இந்த இடத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

காலியாக விடப்பட்ட கட்டங்கள் இன்னொரு பள்ளம். நிலை என்ற நெடுவரிசையில் 'ரத்து' என்று இல்லாத பில்களைக் கொடு என்று கேட்டால், அந்தக் கட்டமே நிரப்பப்படாத பில்கள் வராது; ஏனென்றால் எஸ்க்யூஎல் மொழியில் காலிக் கட்டம் ரத்துக்குச் சமமும் இல்லை, சமமில்லாததும் இல்லை, தெரியாதது. முறையான ரிப்போர்ட்டில் இதை ஒரு முறை கண்டுபிடித்துத் திருத்தினால் திருத்தியதுதான். தனிக் குவரியில் ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொரு முறையும் புதிதாக விழுந்து எழ வேண்டும்.

சர்வர் மீது விழும் சுமையையும் சொல்ல வேண்டும். ஒரு பிற்பகலில், ஏஜென்டு வாரியாக நிலுவைத் தொகை வேண்டும் என்று கேட்டதற்கு, பில் போடும் அதே டேட்டாபேஸில் நானே ஒரு குவரியை ஓட்டினேன். பில் டேபிளையும் ஏஜென்டு டேபிளையும் இணைக்கும் ஒரு வரியை விட்டுவிட்டேன். இரண்டு லட்சம் பில்களும் நான்காயிரம் ஏஜென்டுகளும் ஒன்றோடொன்று பெருகி எண்பது கோடி வரிசைகளாயின. டிஸ்க் முழுவதும் அந்த வேலையிலேயே மூழ்கியதால், மாலைப் பாலுக்கான லோடிங் சிலிப் அச்சாவது நின்றுபோய், வண்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. பால் வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை அன்று ஓட்டுநர்களின் முகத்தில் பார்த்தேன். பிரதி டேட்டாபேஸ் ஒன்றை வைத்து அங்கே கேள்வி கேட்பது இதற்கான வழி. அதிலும் நுணுக்கம் உண்டு; போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், மூல டேட்டாபேஸிலிருந்து வரும் மாற்றங்களோடு முரண்படும் குவரியைப் பிரதி டேட்டாபேஸ் இயல்பான அமைப்பில் முப்பது விநாடி வரை பொறுத்துவிட்டு ரத்து செய்துவிடும். ஒவ்வொருவரும் நினைத்த நேரத்தில் கனத்த குவரிகளை ஓட்டுவதைவிட, இரவில் ஒரு முறை கணக்கிட்டு விடையைச் சேமித்து வைத்துவிட்டு, பகலில் சேமித்ததைப் படிப்பது எல்லோருக்கும் நல்லது. 2013இல் வந்த போஸ்ட்கிரஸ் 9.3 பதிப்பிலிருந்தே மெட்டீரியலைஸ்டு வியூ என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது.

இன்னொன்றையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். தனிக் குவரியின் விடை பெரும்பாலும் எக்ஸெல் கோப்பாக வெளியே போகிறது. வாடிக்கையாளர் பெயரும் கைபேசி எண்ணும் அதில் தேவையே இல்லாமல் ஒட்டிக்கொண்டு போகின்றன. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத் தொகை விதிக்க வகைசெய்கிறது. யார் எப்போது எந்தக் கோப்பை எடுத்தார் என்ற பதிவே இல்லாத அலுவலகத்தில் அந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது எப்படி?

இவ்வளவும் சொன்னதால், தனிக் குவரியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாமல் எங்கள் தொழில் ஒரு நாளும் ஓடாது. ஒரு ரூட்டில் மட்டும் யுபிஐ வசூல் பதிவாகவில்லை என்று காலை நான்கு மணிக்கு அழைப்பு வருகிறது. டேட்டாபேஸுக்குள் போய், வசூல் டேபிளை நேர வாரியாகப் பார்த்து, வங்கியின் பதில் வந்த வரிசைகளையும் வராத வரிசைகளையும் பிரித்து, பதினைந்து நிமிடத்தில் காரணத்தைப் பிடிப்பது ஒரு நல்ல நிரலாளரின் கை வித்தை. அந்தக் கேள்வி இனி எழப்போவதில்லை, எழுந்தாலும் அதே வடிவத்தில் எழாது. அதற்கு டாஷ்போர்டு கட்டுவது காலக் கேடு. புதிய கேள்வியின் முதல் விடையை எப்போதும் தனிக் குவரிதான் தர முடியும். என்ன கேட்க வேண்டும் என்பதே தெளிவாகாத கட்டத்தில் ரிப்போர்ட் வடிவமைக்க உட்கார்ந்த சில திட்டங்கள் ஆறு மாதம் வீணானதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது? எங்கள் குழுவில் நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் அது தனிக் கேள்வி அல்ல. ஆனால் அந்த எண்ணை வைத்து யாருக்காவது பணம் கொடுக்கப்போகிறார்கள் அல்லது பிடிக்கப்போகிறார்கள் என்றால், மூன்றாவது முறைக்காகக் காத்திருப்பதில்லை. ஏஜென்டு கமிஷன், ஓட்டுநர் ஊக்கத்தொகை, பால் ஊற்றும் விவசாயிக்கான கொழுப்புச் சத்து அடிப்படையிலான விலை ஆகியவை முதல் முறையே ரிப்போர்ட்டாகத்தான் வெளியே போகும்: குவரி, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்க வேண்டும், வேறொரு நிரலாளர் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும், மொத்தம் லெட்ஜர் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை தினமும் தானாக ஓட வேண்டும், எந்த நேரம் வரையிலான தரவு என்பது தாளின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஒரு விவசாயியின் பத்து நாள் பால் பணத்தில் முந்நூறு ரூபாய் குறைந்தால், அது அவருக்கு டேட்டாபேஸ் பிழை அல்ல.

ரிப்போர்ட் என்று பெயர் வைத்துவிட்டால் எண் உண்மையாகிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020இல் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மேலே வந்தவை சத்தமின்றி உதிர்ந்தன. தொற்றாளர்களுக்கு அவரவர் முடிவு தெரிந்திருந்தது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணிதான் தாமதமாயிற்று. அது தினமும் ஓடிய முறையான ரிப்போர்ட். வந்த வரிசைகள் எத்தனை, ஏறிய வரிசைகள் எத்தனை என்ற ஒரே ஓர் ஒப்பீடு அதில் இருந்திருந்தால் முதல் நாளே மணி அடித்திருக்கும். ஆகவே நான் வேண்டுவது அழகான வரைபடங்களை அல்ல, தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கணக்கை.

அந்த ஒழுங்கு நமக்கு அந்நியமும் அல்ல. கிராமக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடங்கல் என்றால் இரண்டாம் எண் கணக்கு, சிட்டா என்றால் பத்தாம் எண் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள் வரையறுக்கப்பட்டவை. எழுதுபவர் மாறினாலும் கட்டத்தின் பொருள் மாறாது. ஒரு கிராமத்தின் எண்ணை மற்றொரு கிராமத்தின் எண்ணோடு கூட்ட முடிவது அதனால்தான். ஆண்டு என்றாலும் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டா, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டா என்ற குழப்பம் அங்கே எழாது. ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தியில் அத்தனை கணக்குகளும் தணிக்கைக்கு வந்தாக வேண்டும். மனு கொடுக்க வருபவரின் தனிக் கேள்விக்கும் அதே ஏட்டைப் புரட்டித்தான் விடை சொல்கிறார்கள். முறையான கணக்கு இருந்தால்தான் தனிக் கேள்விக்கும் நம்பத்தக்க விடை கிடைக்கும் என்பதை எனக்கு எந்தக் கணினிப் பாடமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

ரிப்போர்ட்டுகளைப் பெருக்கிக்கொண்டே போவதும் நோய்தான். எங்கள் சர்வரின் பதிவுகளை ஒரு முறை சோதித்தபோது, ஒவ்வோர் இரவும் ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் பல மாதங்களாக யாரும் திறந்தே பார்க்காதவை. கேட்டவர் வேலையை விட்டே போயிருந்தார். அவற்றை நிறுத்திவிட்டோம், ஒருவரும் வந்து கேட்கவில்லை.

நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பத்து நிமிடத்தில் எண்ணை அனுப்பும் நிரலாளரைக் கெட்டிக்காரர் என்கிறார்கள். அதே எண்ணுக்கு வரையறை எழுதி, சோதனை எழுதி, இரண்டு நாள் எடுத்துக்கொள்பவரைத் தாமதக்காரர் என்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் முதலாமவருக்குத்தான் மதிப்பெண். அந்தத் தாளில் இருந்த மூன்று தொகைகளும் பத்து நிமிடத்தில் எடுக்கப்பட்டவைதாம். அவற்றை ஒன்றாக்க எங்களுக்கு ஒன்பது நாட்கள் ஆயின, ஆடிட்டரிடம் அவகாசம் கேட்க வேண்டியிருந்தது.

கல்லூரிகளிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரும் மாணவர்களிடம், மேலே சொன்ன பில் டேபிளையும் வசூல் டேபிளையும் கொடுத்து, ஒரு நாளின் விற்பனையைச் சொல்லுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். குவரி எழுதுவதில் யாரும் தடுமாறுவதில்லை; எல்லோரும் இரண்டு நிமிடத்தில் இணைத்துக் கூட்டிவிடுகிறார்கள். விற்பனை என்று எதைச் சொல்கிறீர்கள், நாள் என்பது எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுதும் முன் திருப்பிக் கேட்பவர் அரிது. இணைப்பிதழின் அடுத்த கட்டுரைகளில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குவரி எழுதும் வித்தையோடு இந்தப் பாதியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும்படி, பெயர்களையும் எண்களையும் மாற்றிய அந்த இரண்டு டேபிள்களையும் தங்களுக்கு அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மென்பொருள் நிரலாளர், கோயம்புத்தூர்